எல்லா நாளும் 128

பாம்பனில் ஒரு மீன் கம்பெனியில் நான் கணக்கு எழுதுகிறேன். நண்டு எத்தனை கிலோ, கணவாய் எத்தனை கிலோ, எந்தப் படகுக்கு எவ்வளவு முன்பணம் போயிருக்கிறது என்று நாள் முழுவதும் பேரேட்டில் ஏற்றுவது என் வேலை. பொய்க் கணக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அது மெய்க் கணக்கைவிடச் சுத்தமாக இருக்கும். ஆனால் இந்த அறிவை நான் கம்பெனியில் பெறவில்லை. பள்ளியில் படித்த காலத்தில் என்னுடைய சர்க்கரை நோட்டில்தான் பெற்றேன்.

2006இல், பத்தாம் வகுப்புப் படிக்கும்போது, எனக்கு முதல் வகைச் சர்க்கரை நோய் வந்தது. ஒரே மாதத்தில் பாவாடை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தேன். இரவெல்லாம் தண்ணீர் குடிப்பதும் எழுந்து போவதுமாக இருந்தேன். பரீட்சைப் பயம் என்றார்கள், வயிற்றில் பூச்சி என்றார்கள், அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டார். வாந்தியும் மூச்சிரைப்புமாகக் கிடந்தவளை மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த அன்று சர்க்கரை 480ஐத் தாண்டியிருந்தது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதால் வரும் நோய் இது. இனிப்புத் தின்றதால் வருவதும் அல்ல, மாத்திரையில் அடங்குவதும் அல்ல. 1922 ஜனவரியில் டொராண்டோ நகரத்தில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்படும்வரை, இந்த நோய் வந்த பிள்ளைகளுக்குப் பட்டினிப் பத்தியம் தவிர வேறு வைத்தியம் இருக்கவில்லை. இதையெல்லாம் பின்னாளில் தெரிந்துகொண்டேன். அப்போது தெரிந்ததெல்லாம், தினமும் நான்கு வேளை விரலைக் குத்திப் பார்த்து, வரும் எண்ணை நோட்டில் எழுத வேண்டும் என்பதுதான்.

முதல் ஆறு மாதம் ஒழுங்காக எழுதினேன். 310 என்று எழுதிய அன்று அம்மா சாப்பிடவில்லை. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது, நோட்டைப் புரட்டியவர், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, சாவதற்கென்றே தின்கிறாயா என்று கேட்டார். அன்றிலிருந்து என் சர்க்கரை நல்ல பிள்ளையாகிவிட்டது. 118, 124, 128, 131 என்று எழுதத் தொடங்கினேன். ஒரே மையில் இருந்தால் சந்தேகம் வரும் என்பதற்காக இரண்டு நீலப் பேனாவும் ஒரு கறுப்புப் பேனாவும் வைத்துக்கொண்டேன்; சில பக்கங்களில் வேண்டுமென்றே மீன்குழம்புத் துளி ஒன்றையும் சிந்தவிட்டேன். கல்லூரி முடிந்த பிறகும் அந்த நோட்டுகள் நடந்தன. மூன்று மாதச் சராசரி பார்க்கும் இரத்தப் பரிசோதனையில் மட்டும் 11 என்று வந்துகொண்டே இருந்தது. அந்தப் பரிசோதனையில் 11 வந்தால் அன்றாட அளவு சராசரியாக 270ஐ ஒட்டி இருந்திருக்கிறது என்று பொருள். என் நோட்டுப்படி அது 6 சொச்சமாக இருந்திருக்க வேண்டும். இருப்பும் பேரேடும் இவ்வளவு முரண்பட்டால் எந்த முதலாளியும் கணக்கப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

2014இல் மதுரையில் உணவு ஆலோசனை சொல்லும் அம்மையார் ஒருவர், இருபது வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஓர் ஆசிரியையின் போன் எண்ணை எனக்குக் கொடுத்து, பேசிப் பார் என்றார். அவர் திருநெல்வேலிப் பக்கம். இன்றுவரை நாங்கள் நேரில் இரண்டு முறைதான் சந்தித்திருக்கிறோம். வழக்கம்போல நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் குரல் செய்தி வந்தது. "எல்லா நாளும் 128 வர எனக்கு ஒரு நாளும் கொடுத்து வைக்கல தங்கச்சி. இது யாருக்காக எழுதின நோட்டு?" என்று கேட்டுவிட்டு, தன்னுடைய அந்த வாரத்து எண்களை வரிசையாகச் சொன்னார்: 64, 211, 97, 340, 152. முன்னூற்று நாற்பதைச் சொல்லும்போது குரல் தாழவே இல்லை, ஏதோ பஸ் நம்பரைச் சொல்வதுபோலச் சொன்னார். நான் மாடிக்குப் போய் உட்கார்ந்து நெடுநேரம் அழுதேன். அன்று இரவு என் உண்மையான எண்ணை எட்டு வருடத்தில் முதன்முறையாக ஒருவருக்கு அனுப்பினேன். அது 287. ஏன் இவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. "அதுக்கு முன்னாடி நாலு மணி நேரத்துல என்னவெல்லாம் நடந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் 2020இலிருந்து நானும் மற்றவர்களுக்குத் துணையாக இருக்கிறேன். ஊரடங்கில் பஸ் ஓடாமல், மதுரைக்குப் போய்வந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் வீட்டில் அடைபட்டபோது, மருத்துவமனையின் செவிலியர் ஒருவர் இந்தக் கடற்கரையைச் சேர்ந்த ஐந்து பேரின் சம்மதத்தைக் கேட்டு அவர்களை என்னோடு சேர்த்துவிட்டார். இப்போது பதினொரு பேர். மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி, சாயல்குடிப் பக்கம் என்று சிதறிக் கிடக்கிறார்கள். இவர்களில் பாதிப் பேரை நான் பார்த்ததில்லை. நான் மருத்துவர் அல்ல, செவிலியர் அல்ல. இன்சுலின் அளவை ஒரு யூனிட்கூட ஏற்றவோ இறக்கவோ சொல்வதில்லை என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படியானால் நீங்கள் எதற்கு என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். நியாயமான கேள்விதான்.

தங்கச்சிமடத்துத் தம்பியின் கதை அதற்கு ஒருவாறு பதிலாக இருக்கும். விசைப்படகில் கூலிக்குப் போகிறவன், வயது இருபத்துநான்கு. வாரத்தில் மூன்று நாள் கடல், மற்ற நாள்கள் கரை. கடலுக்குப் போனால் இரவு முழுக்க வலை இழுப்பதும் மீன் பிரிப்பதும் பெட்டி தூக்குவதுமாக உடம்பு முறியும். கரையில் இருந்தால் மதியம்வரை தூக்கம். அவனுடைய மருத்துவர் தொழில் என்ன என்று கேட்டதற்குக் கூலி வேலை என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அவரும் எல்லா நாளுக்கும் ஒரே அளவு இன்சுலின் எழுதிக் கொடுத்திருக்கிறார். கடல் நாளில் அந்த அளவு அதிகமாகி 50க்கும் 60க்கும் இறங்கியது. கரை நாளில் போதாமல் 300க்கு ஏறியது. கடுமையான உழைப்பு, உழைக்கும்போது மட்டுமல்லாமல், கரைக்கு வந்து படுத்துத் தூங்கும் பல மணி நேரம் கழித்தும் சர்க்கரையை இறக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. பயத்தில் அவன் கடலுக்குப் போகும்போது ஊசியையே விட்டுவிடத் தொடங்கியிருந்தான்.

நான் செய்தது ஒன்றுதான். மூன்று வாரம் எண்களைக் குறிக்கும்போது பக்கத்தில் "கடல்" அல்லது "கரை" என்று ஒரு சொல்லைச் சேர்த்து எழுதச் சொன்னேன். அந்தத் தாளைப் பார்த்த மருத்துவர் ஐந்தே நிமிடத்தில் கடல் நாளுக்கு ஓர் அளவும் கரை நாளுக்கு ஓர் அளவும் தனித்தனியாக எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு ஏப்ரல் 15 வந்தது. ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்வதும் சீட்டாடுவதும் டீக்கடையும்தான். இது கடலும் அல்ல, வழக்கமான கரையும் அல்ல, மூன்றாவது வகை நாள் என்பதை அவனே கண்டுபிடித்தான். தடைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய வாரமே மருத்துவரிடம் போய்விடுகிறான் இப்போது. தடை முடிந்து முதல் பாடு (மீன்பிடிப்பு) போகும் நாள்தான் இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் இரண்டு மாதம் சும்மா இருந்த உடம்பு ஒரே இரவில் முழு வேலைக்குத் திரும்புகிறது.

கடலில் தாழ்சர்க்கரை வருவதைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். வியர்வை, படபடப்பு, நடுக்கம் என்று அச்சிட்ட தாளில் போட்டிருப்பதெல்லாம் வலை இழுக்கிறவனுக்கு எப்போதும் இருப்பதுதான். உனக்கு என்று தனியாக ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று பல நாள் கேட்டு, ஒருநாள் சொன்னான்: "மீன் கூடையை எண்ணும்போது ஏழுக்கு அப்புறம் என்னன்னு தெரியாமப் போயிருதுக்கா." அதுதான் அவனுடைய அடையாளம். இப்போது எண்ணிக்கை தடுமாறினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் குளுக்கோஸ் பொடியை வாயில் போட்டுக்கொள்கிறான். 70க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் அளவு சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, உடனே போக வேண்டும். 15 நிமிடம் பொறுத்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை அதே அளவு. பொடியை இரண்டு பிளாஸ்டிக் பையில் முடிந்து ஒன்றை இடுப்பிலும் மற்றொன்றைப் படகு ஓட்டுபவரிடமும் வைக்கச் சொன்னேன். அந்த இரண்டாவது பைக்காகத்தான் மாதக்கணக்கில் மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது. நோய் என்று தெரிந்தால் படகில் ஏற்ற மாட்டார்கள் என்று அஞ்சினான். எல்லாரிடமும் சொல்ல வேண்டாம், ஒருவரிடம் சொல் என்றேன். சொன்னான். அவர் தன் மனைவிக்கும் சுகர்தான் என்று சொல்லிப் பையை வாங்கி வைத்துக்கொண்டாராம்.

கரையிலிருந்து கொஞ்சத் தூரம் போனதும் போன் சிக்னல் போய்விடும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நடுக்கடலில் நான் அவனுக்குத் துணையே அல்ல. அதனால் எங்கள் பேச்சு முழுவதும் படகு புறப்படுவதற்கு முன்னால்தான்: கடைசியாக எப்போது ஊசி போட்டாய், இப்போது எவ்வளவு, பொடி இருக்கிறதா, நேற்றுக் குடித்தாயா. கடைசிக் கேள்வியைக் கேட்கச் சங்கடப்பட்டுத் தவிர்த்த காலம் உண்டு. குடித்தால் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை வெளியே விடும் வேலை தடைப்படும், மறுநாள் காலைகூட அளவு திடீரென்று விழலாம். ஆகவே இப்போது கூச்சமில்லாமல் கேட்கிறேன். அவனும் கூச்சமில்லாமல் சொல்கிறான்.

இன்சுலினைக் கடலுக்குக் கொண்டுபோவதில் நாங்கள் ஒரு பாட்டிலைத் தோற்றுப் பாடம் படித்தோம். குளிரில்தான் வைக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்களே என்று, அவன் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மீன் ஐஸுக்குள் புதைத்துவிட்டான். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் உறைந்துவிட்டால் அது செத்துவிடும். கடல்நீர் பட்ட ஐஸ், உப்பின் காரணமாகப் பூஜ்யத்துக்கும் கீழே குளிரும். எடுத்தபோது பாட்டில் பார்வைக்குத் தெளிவாகவே இருந்ததால் இரண்டு நாள் அதையே போட்டுக்கொண்டான், சர்க்கரை இறங்கவே இல்லை. இப்போது வாயகன்ற பிளாஸ்க் ஒன்றைக் குளிர்ந்த நீரில் அலசித் துடைத்து, துணியில் சுற்றிய பாட்டிலை அதற்குள் வைத்து, எஞ்சின் சூடு படாத இடத்தில் வைக்கிறான். பயன்பாட்டில் இருக்கும் பாட்டில் 30 டிகிரிக்குள் இருந்தால் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். வீட்டில் ஃப்ரிஜ் இல்லாதவர்களுக்கு மண்பானைதான். பெரிய பானைக்குள் ஈர மணல், அதற்குள் சிறிய பானை, வாயில் ஈரத்துணி. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: உள்நாட்டில் காய்ந்த காற்றில் குளிர்கிற அளவுக்கு நம் கடற்கரையில் பானை குளிராது, ஏனென்றால் காற்றிலேயே ஈரம் அதிகம். காற்றோட்டமான இடத்தில் வைத்தால் வெயிலிலிருந்து காப்பாற்றும், அவ்வளவுதான். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய நாளில், கரண்ட் இல்லாத வீட்டில் ஃப்ரிஜ்ஜைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நான் சொன்னதும், பதறாதீர்கள், மூடியே வையுங்கள், கரண்ட் வராவிட்டால் பானை இருக்கிறது என்பதுதான்.

எண்ணுக்கு நான் படம் கேட்பதில்லை. மிஷினின் முகத்தைப் படமெடுத்து அனுப்பு என்று கேட்கத் தொடங்கினால் நானும் அன்று வரிசைக்கே கேட்கும்படி சத்தம் போட்டவரைப்போல ஆகிவிடுவேன். பிறகு அவர்கள் நல்ல எண் வரும்வரை படமெடுக்க மாட்டார்கள். பொருளுக்கு மட்டும் கட்டாயம் படம் கேட்பேன். அதற்குக் காரணம் சாயல்குடிப் பக்கத்து அண்ணன் ஒருவர். பேனா வடிவ இன்சுலின் ஊசி பழுதாகிவிட்டதால், அதற்குள் இருந்த மருந்துக் குழாயிலிருந்து சாதாரண ஊசியால் உறிஞ்சிப் போட்டுக்கொண்டதாக ஒரு மாலை சாதாரணமாகச் சொன்னார். ஊசியைக் காட்டுங்கள் என்றேன். வீடியோவில் அவர் தூக்கிக் காட்டிய ஊசிக்குச் சிவப்பு மூடி.

நம் நாட்டில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்கான ஊசிக்குச் சிவப்பு மூடி. பேனாவில் வருவது ஒரு மில்லியில் 100 யூனிட். அந்தச் செறிவுக்கான ஊசிக்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி ஊசியில் பத்துக் கோடு வரைக்கும் பேனா மருந்தை உறிஞ்சினால் உள்ளே போவது பத்து அல்ல, இருபத்தைந்து. அவர் போட்டு நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. போனை வைக்காமலேயே மனைவியைக் கூப்பிடச் சொல்லி, சர்க்கரைத் தண்ணீர் கரைக்கச் சொல்லி, அவருடைய மருத்துவருக்கு வேறொரு போனில் பேச வைத்து, ராமநாதபுரத்துக்கு வண்டி ஏற்றினேன். இரவெல்லாம் குளுக்கோஸ் ஏற்றிப் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் முதல் வாரத்திலேயே பாட்டிலையும் ஊசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் கேட்டுவிடுகிறேன். இருவருக்கு மருந்துக் கடையிலேயே பொருந்தாத ஊசி கொடுத்திருந்தது அதில்தான் தெரிந்தது. தொடையையும் வயிற்றையும் தடவிப் பார்க்கவும் சொல்வேன். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கொழுப்புக் கட்டி இருந்தால், அங்கே போடும் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. எனக்கே தொப்புளுக்கு இடப்பக்கம் எலுமிச்சை அளவுக்கு ஒன்று இருந்தது, வலிக்காத இடம் என்று ஆசையாக அங்கேயே போட்டுக்கொண்டிருந்தேன்.

கீழக்கரை லாத்தாவோடு (அங்கே அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள்) பழக்கம் வேறு மாதிரி. கணவர் வளைகுடாவில், மாமியார் வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். போனைக் கொழுந்தன் பிள்ளைகள் எடுத்து விளையாடுவார்கள் என்பதால் சுகர் என்ற சொல்லே வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். ஆகவே எங்களுக்குள் அது "கடைக் கணக்கு". "கணக்கு 240, மகரிபுக்கு முன்னால" என்று செய்தி வரும்; மகரிபு என்பது சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகை. நோன்பு மாதத்தில்தான் பெரிய சோதனை. இந்த வகை நோய் உள்ளவர்கள் நோன்பு வைப்பது அதிக ஆபத்துள்ளது என்றே மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நான் வேறு சமயத்தவள். வைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, சொன்னால் கேட்டிருக்கவும் மாட்டார், என்னிடம் உண்மை சொல்வதையும் நிறுத்தியிருப்பார். ரமலானுக்கு இரண்டு மாதம் முன்பே மருத்துவரிடமும், அவருக்கு நம்பிக்கையான ஆலிமிடமும் (மார்க்க அறிஞர்) பேசச் சொன்னேன். விரலைக் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று ஆலிம் சொன்னது அவருக்குப் பெரிய விடுதலை. 70க்குக் கீழே போனாலோ 300க்கு மேல் போனாலோ அந்த நிமிடமே நோன்பை முடித்துவிட வேண்டும் என்ற வரையறையை மருத்துவர் கொடுத்தார். அந்த வருடம் ஒன்பதாவது நோன்பில் அசர் என்னும் பிற்பகல் தொழுகைக்கு முன்னால் 66 வந்தது. "கணக்க முடிச்சிட்டேன்" என்று செய்தி வந்தது. நோன்பை முடிக்க அவர் தின்றது தொதல் என்ற இனிப்பு; அதைப் பற்றி அன்றைக்குக் கொஞ்சம் சண்டை போட வேண்டியதாயிற்று. கீழக்கரைத் தொதல் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் எண்ணெய் மினுக்க இறுகியது. அந்தக் கொழுப்பு சர்க்கரையை இரத்தத்துக்குள் விடாமல் தாமதப்படுத்தும். தாழ்ந்த நேரத்துக்குச் சர்க்கரைத் தண்ணீர்தான், தொதல் அதற்குப் பிறகு. இதே இடத்தில் கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்ற நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன்: ஏற்றும், நன்றாகவே ஏற்றும்.

இனி என் தவறு. தொண்டிப் பக்கத்தில் ஒன்பது வயதுப் பையனின் அம்மா, இரவு ஒன்பதரைக்குக் கேட்டார்: "படுக்கப் போறான், 92 இருக்கு, என்ன செய்யட்டும்?" எனக்கு அந்த அளவில் ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுப் படுத்தால் விடியும்வரை ஒன்றும் ஆகாது. அதையே சொல்லிவிட்டேன். அன்று மாலை அவன் இருட்டும்வரை மணலில் பந்து விளையாடியிருக்கிறான் என்று நான் கேட்கவும் இல்லை, அவருக்குச் சொல்லத் தோன்றவும் இல்லை. இரவு இரண்டு மணிக்குத் தலையணை நனைய வியர்த்துக் கிடந்தான், 48. நல்லவேளையாக அம்மா விழித்துக்கொண்டார், அவனுக்கு விழுங்கும் நினைவு இருந்தது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழைக்க வேண்டும் என்று நான் அதற்கு முன்னால் அவரிடம் சொல்லியும் வைத்திருக்கவில்லை. மறுநாள் அவர் என்னைக் குறை சொல்லாததுதான் அதிகம் உறுத்தியது. திருநெல்வேலி அக்கா என்னிடம் முதல் நாள் கேட்ட அந்த நான்கு மணி நேரக் கேள்வியை நான் விட்டுவிட்டு, என் உடம்பை எடுத்து அந்தப் பையனுக்கு மாட்டிவிட்டேன். மருத்துவரின் அறிவுரை தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதையும், அதற்கு முன் நடந்ததைக் கேட்பதையும் தாண்டி, எனக்கு இது சரியாக வருகிறது என்ற வாக்கியத்தை அதற்குப் பிறகு யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஒரு பெண்ணுக்கு மட்டும் எண்ணே கேட்காமல் முடிவெடுத்தேன். மண்டபத்துப் பக்கம், பத்தொன்பது வயது. வெளியூர் நாட்டு வைத்தியர் ஒருவர் ஊசியை நிறுத்தினால்தான் தன் சூரணம் வேலை செய்யும் என்றதைக் கேட்டு, வீட்டில் நான்கு நாள் ஊசியை நிறுத்திவிட்டார்கள். அவள் என்னிடம் சொல்லவில்லை. வயிற்று வலி, சாப்பிடப் பிடிக்கவில்லை என்று ஒரு குரல் செய்தி அனுப்பினாள். சொற்களுக்கு இடையில் அவள் மூச்சு விடுவது கேட்டது. ஓடி வந்து நிற்பவரைப்போல ஆழமாக, வேகமாக, ஆனால் அவள் படுத்துக்கொண்டுதான் பேசினாள். பதினைந்து வயதில் நானே விட்ட மூச்சு அது. இன்சுலின் இல்லாதபோது உடம்பு கொழுப்பை எரித்து அமிலத்தைச் சேர்க்கும், அதை வெளியேற்றத்தான் அந்த மூச்சு. அவளுடைய அண்ணனை அழைத்து, வாந்தி வந்தாலும் வராவிட்டாலும் இப்போதே ஆஸ்பத்திரி என்றேன். மூன்று நாள் தீவிர சிகிச்சையில் இருந்தாள். காய்ச்சலோ வாந்தியோ வந்து சாப்பிடவே முடியாத நாளிலும் இன்சுலினை முழுவதும் நிறுத்தக் கூடாது, இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், 250க்கு மேல் நின்றால் அந்த அமிலம் சேர்கிறதா என்று சிறுநீரில் கீட்டோன் பட்டை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை எல்லாருக்கும் குரல் செய்தியாகவே போட்டு வைத்திருக்கிறேன். எழுதினால் படிக்க மாட்டார்கள். குரலாக இருந்தால் பாட்டியும் கேட்பார்.

ஸ்ட்ரிப், அதாவது இரத்தத் துளி வைத்துப் பார்க்கும் பட்டை, அதன் செலவைப் பற்றிப் பேசாமல் இதையெல்லாம் சொல்வது பணக்காரப் பேச்சாகிவிடும். ஒரு ஸ்ட்ரிப்பே இருபது ரூபாயை ஒட்டி ஆகிறது. பாடு இல்லாத வாரத்தில் அது இரண்டு வேளை அரிசி. சர்க்கரை அளவைக் காட்டக் கையில் ஒட்டும் சென்சார் இந்த வியர்வையில் இரண்டு வாரம் ஒட்டி நிற்பதே பெரிய காரியம், விலையும் கட்டாது. நாளுக்கு இரண்டு ஸ்ட்ரிப்தான் முடியும் என்பவர்களிடம், தினமும் காலை வெறும் வயிற்றில் மட்டுமே பார்த்து வீணாக்காமல், ஒரு வேளை உணவுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் பின்னும் ஜோடியாகப் பார்க்கச் சொல்கிறேன். திங்கள் காலைச் சாப்பாடு, செவ்வாய் மதியம், புதன் இரவு. வாரக் கடைசியில் இட்லி எவ்வளவு ஏற்றுகிறது, மீன்குழம்புச் சோறு எவ்வளவு ஏற்றுகிறது என்று ஒரு சித்திரம் கிடைத்துவிடும். உடம்பு சரியில்லாத நாளுக்கும் தாழ்ந்ததுபோல் தோன்றும் நேரத்துக்கும் பத்து ஸ்ட்ரிப்பைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். கம்பெனியில் இதைக் கையிருப்பு என்போம்.

களைத்துப்போன காலமும் உண்டு. பதினொரு பேரின் எண்களைச் சுமந்துகொண்டு நடந்த ஒரு மாதத்தில் என் சொந்தச் சராசரி ஏறிவிட்டது. இரவு பத்துக்கு மேல் செய்தியைப் பார்க்க மாட்டேன், அவசரம் என்றால் 108 அல்லது மருத்துவமனை என்று அப்போதுதான் எல்லாரிடமும் சொன்னேன். இருவர் கோபித்துக்கொண்டார்கள், ஒருவர் திரும்பி வந்தார்.

போன மாதம் கம்பெனி முதலாளி வீட்டுக் கல்யாணம். பிரியாணியும் பீர்னியுமாகச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, தங்கச்சிமடத்துத் தம்பி புறப்படும் நேரம் என்பதால், இப்போது எவ்வளவு என்று கேட்டேன். 143, பொடி இரண்டு பையும் இருக்கு, குடிக்கல என்று வரிசையாகப் பதில் வந்தது. பிறகு, "உங்களுக்கு இப்ப எவ்வளவுக்கா?" என்று கேட்டிருந்தான். ஐந்து வருடத்தில் அவன் அப்படிக் கேட்டதில்லை. விரலைக் குத்திப் பார்த்தேன், 263. நூற்று எண்பது என்று எழுதிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. விரல் 1 என்ற எண்ணைத் தட்டவும் செய்தது. அழித்துவிட்டு 263 என்று அனுப்பினேன்.

ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கு நடுவே குரல் செய்தி வந்தது. "ஊசி போட்டு எவ்வளவு நேரமாச்சு?"

ஒன்றரை மணி நேரம் என்றேன்.